வீடு வாங்குமுன் தண்ணீரைக் கேளுங்கள்

"வீட்டைக் கட்டிப் பார், கல்யாணம் பண்ணிப் பார்" என்பது பழமொழி. இரண்டும் எத்தனை தொல்லை பிடித்த காரியங்கள் என்பதை உணர்த்த எழுந்த மொழி அது. ஆனால் இன்று நகரங்களில் வீட்டைக் கட்டிப் பார்ப்பவர் குறைவு. வேறொருவர் கட்டிய அடுக்குமாடிக் குடியிருப்பில் ஒரு வீட்டை விலைக்கு வாங்குவோரே மிகுதி.

தாமே வீடு கட்டுபவருக்குச் செங்கல் எந்தச் சூளையில் வெந்தது, மணல் எங்கிருந்து வந்தது, கொத்தனார் எத்தனை நாள் தண்ணீர் விட்டார் என்பதெல்லாம் தெரியும். அடுக்ககத்தில் வீடு வாங்குபவருக்கு இவற்றில் ஒன்றும் தெரியாது. எல்லாம் பூசி மறைக்கப்பட்ட பிறகே அவர் வாசற்படி ஏறுகிறார். பளபளக்கும் தரையைப் பார்க்கிறார். சுவரின் நிறத்தைப் பார்க்கிறார். வாசல் எந்தத் திசை என்று கேட்கிறார். அரை மணி நேரம் இப்படிப் பார்த்துவிட்டு, இருபது ஆண்டுகள் தவணை கட்ட ஒப்புக்கொள்கிறார்.

அந்த அரை மணி நேரத்தைப் பயனுள்ளதாக்க முடியுமா? முடியும். அதற்குப் பொறியியல் பட்டம் தேவையில்லை. பள்ளியில் கற்ற இயற்பியலும் வேதியியலும், கொஞ்சம் பொறுமையும் போதும். எதைப் பார்ப்பது என்று குழம்பவும் வேண்டாம். ஒன்றே ஒன்றைப் பின்தொடருங்கள். அது தண்ணீர். மழைநீர், நிலத்தடி நீர், குழாய் நீர், கழிவுநீர் ஆகிய நான்கும் அந்தக் கட்டடத்தில் எங்கே நுழைகின்றன, எவ்வழியே செல்கின்றன, எப்படி வெளியேறுகின்றன என்று பார்த்துக்கொண்டே போனால், கட்டடத்தின் உடல்நிலை தானாகவே புலப்பட்டுவிடும்.

தண்ணீர் செய்யும் வேலை

தண்ணீருக்கு ஏன் இத்தனை முதன்மை? இதை அறியக் காங்கிரீட்டின் உள்ளே கொஞ்சம் நுழைந்து பார்க்க வேண்டும்.

காங்கிரீட்டுக்கு அமுக்கத்தைத் தாங்கும் ஆற்றல் அதிகம். இழுவிசையைத் தாங்கும் ஆற்றல் குறைவு. இரும்புக் கம்பி அந்தக் குறையை நீக்குகிறது. ஆனால் இரும்பு துருப்பிடிக்கும் பொருளாயிற்றே! காங்கிரீட்டுக்குள் அது ஏன் துருப்பிடிப்பதில்லை? சிமெண்டும் நீரும் வினைபுரியும்போது கால்சியம் ஹைட்ராக்சைடு, அதாவது நீற்றிய சுண்ணாம்பு உண்டாகிறது. அதனால் காங்கிரீட் கடுங்காரத் தன்மை உடையதாகிறது. அதன் பி.எச். மதிப்பு 12.5 முதல் 13 வரை இருக்கும். இந்தக் காரச் சூழலில் இரும்பின் மேல் மிக மெல்லிய ஆக்சைடுப் படலம் ஒன்று படிகிறது. அதுவே கம்பிக்குக் கவசம்.

இந்தக் கவசத்தை அழிக்கும் பகைகள் இரண்டு. முதலாவது, காற்றிலுள்ள கரியமிலவாயு. சுண்ணாம்புத் தெளிநீரில் குழாய் வைத்து ஊதினால் அது பால்போல் மாறுவதைப் பள்ளியில் பார்த்திருப்பீர்கள். அதே வினைதான் காங்கிரீட்டிலும் மெதுவாக நடக்கிறது. கரியமிலவாயு நுண்துளைகள் வழியே நுழைந்து சுண்ணாம்பைக் கால்சியம் கார்பனேட்டாக மாற்றுகிறது. காரத்தன்மை குறைகிறது. பி.எச். 9 அளவுக்கு இறங்கிவிட்டால் படலம் நிலைக்காது. பிறகு ஈரமும் பிராணவாயுவும் சேர்ந்தால் துருவேறத் தொடங்கிவிடும்.

துரு என்பது இரும்பைவிடப் பருமனானது. அது இரும்பைப்போல இரண்டு முதல் ஆறு மடங்கு வரை இடத்தை அடைக்கும். அந்தப் பருமன் உள்ளிருந்து காங்கிரீட்டைத் தள்ளுகிறது. முதலில் கம்பியின் நீளத்துக்கு ஒரு கோடு விழும். பிறகு காரை உப்பும். கடைசியில் பெயர்ந்து விழும். பழைய வீடுகளின் பால்கனியிலும் சன்ஷேடுகளின் அடியிலும் துருப்பிடித்த கம்பி வெளியே தெரிவதைப் பார்த்திருப்பீர்களே, அது இவ்வாறு நேர்ந்ததுதான்.

கரியமிலவாயு எவ்வளவு வேகமாக உள்ளே செல்லும்? ஆழம் காலத்தின் வர்க்கமூலத்துக்கு ஏற்ப வளரும் என்பது தோராயமான விதி. பத்து ஆண்டுகளில் 10 மி.மீ. சென்றால், 20 மி.மீ. செல்ல நாற்பது ஆண்டுகள் ஆகும். எனவே கம்பியின்மேல் இருக்கும் காங்கிரீட் மூடாக்கு இருமடங்கானால், அதன் காவல் காலம் நான்கு மடங்காகிறது! ஐ.எஸ். 456 என்ற இந்தியத் தரவிதி, சாதாரணச் சூழலில் குறைந்தது 20 மி.மீ., மிதமான சூழலில் 30 மி.மீ., கடுமையான சூழலில் 45 மி.மீ. மூடாக்கு வேண்டும் என்று கூறுவதன் காரணம் இப்போது விளங்கும். கம்பி கட்டும்போது கீழே வைக்கவேண்டிய சிறு காங்கிரீட் கட்டையைச் சோம்பலால் விட்டுவிட்டால், கட்டடத்தின் ஆயுளில் பல ஆண்டுகள் போய்விடும்.

உப்பு என்னும் இரண்டாம் பகை

இரண்டாவது பகை கிளோரைடு, அதாவது உப்பு. காரத்தன்மை குறையாமல் இருக்கும்போதே கவசப் படலத்தைத் துளைக்க வல்லது இது. வினையில் தீர்ந்தும் போகாது. மீண்டும் மீண்டும் துருவை வளர்த்துக்கொண்டே இருக்கும்.

கடலோர ஊர்களில் உப்புக் காற்றோடு இது வருகிறது. ஆனால் பல இடங்களில் நாமே அதைக் காங்கிரீட்டில் கலந்துவிடுகிறோம். கழுவாத கடல்மணலும் உவர்நீருமே அதற்கு வழி. கம்பியிட்ட காங்கிரீட்டில் ஒரு கன மீட்டருக்கு 0.6 கிலோவுக்கு மேல் கிளோரைடு இருக்கக் கூடாது என்பது மேற்சொன்ன தரவிதியின் வரம்பு. ஒரு கன மீட்டர் காங்கிரீட்டின் எடை ஏறத்தாழ 2,400 கிலோ. அதில் 600 கிராம் என்பது எவ்வளவு சிறிய அளவு, பாருங்கள்.

ஒரு சிறு கணக்குப் போடுவோம். ஒரு கன மீட்டர் காங்கிரீட் கலக்க 180 லிட்டர் நீர் ஊற்றுவதாக வைத்துக்கொள்வோம். அந்த நீரில் லிட்டருக்கு 2 கிராம் கிளோரைடு இருந்தால், நீரிலிருந்து மட்டுமே 360 கிராம் சேர்ந்துவிடும். வரம்பில் பாதிக்கு மேல் அதிலேயே தீர்ந்தது. மணலும் ஜல்லியும் கொண்டுவருவது தனி. இதனால்தான் கம்பியிட்ட காங்கிரீட்டுக்கான நீரில் கிளோரைடு லிட்டருக்கு அரை கிராமுக்கு மிகக் கூடாது என்று விதித்திருக்கிறார்கள்.

ஆகவே கட்டுநரிடம் நீங்கள் கேட்க வேண்டிய முதல் கேள்வி இது: "எந்தத் தண்ணீரில் கட்டினீர்கள்?" ஆழ்குழாய்க் கிணற்று நீர் என்றால் அதன் பரிசோதனை அறிக்கையைக் கேளுங்கள். "எத்தனை நாள் நீராற்றினீர்கள்?" என்பது இரண்டாம் கேள்வி. சாதாரண சிமெண்டானால் குறைந்தது ஏழு நாட்கள், சாம்பல் முதலியன கலந்த சிமெண்டானால் பத்து நாட்கள் ஈரம் காயாமல் வைத்திருக்க வேண்டும். காங்கிரீட் பிறந்த முதல் நாட்களில் தண்ணீரே அதற்குத் தாய்ப்பால். அது வளர்ந்து இறுகிய பிறகுதான் தண்ணீர் பகையாகிறது.

கலவையில் ஊற்றும் நீருக்கும் அளவுண்டு. ஒரு மூட்டை, அதாவது 50 கிலோ சிமெண்டுக்கு 25 லிட்டருக்கு மேல் நீர் சேரக் கூடாது என்பது மிதமான சூழலுக்கான வரம்பு. கலவை இளகி எளிதாக ஓட வேண்டுமென்று கூடுதலாக ஊற்றிய நீர் பின்னர் ஆவியாகிவிடும். அது இருந்த இடம் நுண்துளையாக நிற்கும். கரியமிலவாயுவுக்கும் உப்புக்கும் அதுவே நுழைவாயில்.

கையில் என்ன கொண்டு செல்வது?

ஒரு டார்ச் விளக்கு, அளவு நாடா, ஒரு நாணயம், ஒரு கோலிக்குண்டு, நுனியில் கனமான பொருள் கட்டிய நூல், ஓர் அஞ்சலட்டை, பென்சில், குறிப்பேடு. இவை போதும். முதல் தடவை பகலில் செல்லுங்கள். பிடித்திருந்தால் மழை பெய்யும் நாளில் அல்லது மழை விட்ட மறுநாள் இன்னொரு தடவை செல்லுங்கள். சித்திரையில் வெள்ளையடித்த சுவர் எல்லாம் நல்ல சுவரே. ஐப்பசி, கார்த்திகையில்தான் அதன் உண்மை நிறம் தெரியும்.

கீழிருந்து தொடங்குங்கள்

நேரே மாடிக்கு ஏறிவிடாதீர்கள். முதலில் தெருவைப் பாருங்கள். கட்டடத்தின் தரைமட்டம் தெருவைவிட உயரமா, தாழ்வா? சாலைகள் மேலும் மேலும் தார் போட்டு உயர்வதால், கட்டிய காலத்தில் மேடாக இருந்த வீடு இன்று பள்ளமாகியிருக்கலாம்.

ஊர்ப் பெயரும் தெருப் பெயரும் சில செய்திகளைச் சொல்லும். தாங்கல், ஏந்தல், ஏரி, குளம் என்பன நீர்நிலைகளின் பெயர்கள். சென்னை மேற்கு மாம்பலத்தில் லேக் வியூ சாலை இருக்கிறது, ஏரிதான் இல்லை. அங்கிருந்த நெடிய ஏரியின் ஒரு பகுதியைத் தூர்த்தே 1920களில் தியாகராய நகர் உருவானது. மனிதன் ஏரியை மறந்தாலும் மழைநீர் தன் பழைய வழியை மறப்பதில்லை. 2015 டிசம்பர் தொடக்கத்தில் தாம்பரத்தில் 24 மணி நேரத்தில் 49 செ.மீ. மழை கொட்டியபோது சென்னை மக்கள் இதைக் கண்கூடாகக் கண்டார்கள். எனவே அக்கம்பக்கத்தில் விசாரியுங்கள். "இங்கே வெள்ளம் வருமா?" என்று கேட்டால் "வராது" என்றே பதில் வரும். "2015இல் தண்ணீர் எந்தப் படிவரை நின்றது? எத்தனை நாள் நின்றது?" என்று தெருமுனையில் இஸ்திரி போடுபவரிடமும் தேநீர்க் கடைக்காரரிடமும் கேட்டுப் பாருங்கள்.

அடுத்து, வண்டி நிறுத்தும் கீழ்த்தளத்துக்கு வாருங்கள். இங்கே கட்டடத்தின் தூண்கள் மறைவின்றி நிற்கும். ஒவ்வொரு தூணின் அடியிலும் டார்ச் அடித்துப் பாருங்கள். பழுப்புக் கறை, நெடுக்காக ஓடும் கோடு, உப்பிய பூச்சு இவை தெரிகின்றனவா? புதிதாகப் பூசிய ஒட்டு மட்டும் வேறு நிறத்தில் இருக்கிறதா? தூணை வெட்டிக் குழாய் செலுத்தியிருக்கிறார்களா? தூண்களுக்கிடையே சுவரே இல்லாமல் முழுத் தளமும் வெறுமையாக இருந்தால் இன்னொரு கேள்வியும் கேட்க வேண்டும்: நிலநடுக்கத்தைத் தாங்கும்படி இத்தூண்கள் வடிவமைக்கப்பட்டனவா? 2001 ஜனவரி 26 அன்று குஜராத்தில் பூஜ் பகுதியில் நிலநடுக்கம் ஏற்பட்டபோது, 200 கிலோமீட்டருக்கும் அப்பால் இருந்த அகமதாபாத்தில் பல அடுக்குமாடிக் கட்டடங்கள் விழுந்தன. அவற்றில் பல, மேலே கனமும் கீழே வெறும் தூண்களுமாக நின்றவை. கட்டமைப்புப் பொறியாளர் கையெழுத்திட்ட வரைபடம் இருக்கிறதா என்று கேட்பது உங்கள் உரிமை.

கீழ்நிலை நீர்த்தொட்டி எங்கே, கழிவுத்தொட்டி எங்கே என்றும் பாருங்கள். இரண்டும் அருகருகே இருந்தால், ஒரு விரிசலே இரண்டையும் கலந்துவிடப் போதும். மழைநீர் சேகரிப்பு அமைப்பு தமிழ்நாட்டில் 2003இலேயே கட்டாயமாக்கப்பட்டது. குழாய் வெறும் கண்துடைப்பாகத் தரையில் முடிகிறதா, உண்மையில் கிணற்றுக்கோ குழிக்கோ போகிறதா என்று கவனியுங்கள்.

சுவர் பேசும் மொழி

தரைத்தள வீடானால் சுவரின் அடிப்பகுதியைத் தடவிப் பாருங்கள். தரையிலிருந்து இரண்டு மூன்று அடி உயரம்வரை பூச்சு பொரிந்து, வெண்மையாக உப்புப் பூத்திருந்தால் அது ஓதம். விளக்குத் திரியில் எண்ணெய் ஏறுவதைப்போல, செங்கல்லின் நுண்துளைகள் வழியே நிலத்தின் ஈரம் மேலேறுகிறது. நீர் ஆவியாகிவிட, அது கரைத்துக்கொண்டுவந்த உப்பு சுவரின்மேல் தங்கிவிடுகிறது. அடித்தளத்தின்மேல் போடவேண்டிய ஓதத்தடுப்புப் படலம் இல்லை, அல்லது கெட்டுவிட்டது என்பது இதன் பொருள். வெள்ளையடிப்பதால் இந்நோய் தீராது. சுவரோரம் அலமாரியோ பெரிய படமோ புதிதாக நிறுத்தியிருந்தால், அதன் பின்னாலும் எட்டிப் பார்ப்பது தவறில்லை.

விரிசல் எல்லாம் ஆபத்தானவை அல்ல. பூச்சில் சிலந்திவலைபோல் ஓடும் மெல்லிய கோடுகள் பூச்சு விரைந்து உலர்ந்ததால் வந்தவை. பீமுக்கும் அதன் கீழுள்ள செங்கற்சுவருக்கும் இடையே நேர்க்கோடாக ஓடும் விரிசல், இரு பொருள்களும் வெப்பத்துக்கும் ஈரத்துக்கும் வெவ்வேறு அளவில் விரிந்து சுருங்குவதால் வருவது. இவை அழகைக் கெடுக்கும். பெரும்பாலும் ஆளைக் கெடுக்கா.

ஆனால் சன்னல் மூலையிலிருந்து சாய்வாக, படிக்கட்டுப்போல் செங்கல் வரிசைகளை ஒட்டி இறங்கும் விரிசல் அஸ்திவாரம் ஒரு பக்கம் அமிழ்கிறதோ என்று ஐயுறச் செய்யும். பீமின் ஓரத்தில், தூணுக்கு அருகில் சாய்வாகத் தோன்றும் விரிசலும், தூணில் நெடுக்காக ஓடும் விரிசலும் உடனே பொறியாளரை அழைக்கச் சொல்லும் எச்சரிக்கைகள். கூரையின் அடியில் சம இடைவெளி விட்டுக் கோடுகள் தெரிந்தால், அவை உள்ளிருக்கும் கம்பிகளின் வரிசையாக இருக்கலாம். துரு வேலையைத் தொடங்கிவிட்டது எனலாம். அஞ்சலட்டையின் விளிம்பு நுழையும் அளவுக்கு அகன்ற விரிசலானால் குறிப்பேட்டில் இடத்தைக் குறித்துக்கொள்ளுங்கள்.

விரிசல் வளர்கிறதா, நின்றுவிட்டதா என்று அறியவும் எளிய வழி உண்டு. அதன் இரு முனைகளிலும் பென்சிலால் கோடிட்டுத் தேதி எழுதுங்கள். சில வாரம் கழித்து வந்து பாருங்கள். கோட்டைத் தாண்டியிருந்தால் கட்டடம் இன்னும் அசைந்துகொண்டிருக்கிறது என்று பொருள். விற்பவர் ஒப்பினால் விரிசலின் குறுக்கே மெல்லிய கண்ணாடித் துண்டை இருபுறமும் சாந்து வைத்துப் பதிக்கலாம். அசைவு இருந்தால் கண்ணாடி உடைந்துவிடும். நூலில் கனம் கட்டித் தொங்கவிட்டால் சுவர் தூக்கு நேராக இருக்கிறதா என்பதும் தெரியும். கொத்தனாரின் தூக்குக்குண்டும் இதே தத்துவத்தில்தான் வேலை செய்கிறது.

குளியலறையும் சமையலறையும்

நீர் நாள்தோறும் புழங்கும் இடங்கள் இவை. ஒரு வாளித் தண்ணீரைத் தரையில் கொட்டுங்கள். எல்லா மூலையிலிருந்தும் அது வடிதுளைக்கே வந்து சேர வேண்டும். எங்கேனும் தேங்கினால் அங்கே வாட்டம் சரியில்லை. மற்ற அறைகளில் கோலிக்குண்டை வையுங்கள். அது ஓடும் திசையிலிருந்து தரையின் சாய்வு தெரியும். தரைக்கற்களை நாணயத்தால் தட்டிக்கொண்டே போங்கள். நன்கு பதிந்த கல் கெட்டியான ஒலி தரும். அடியில் வெற்றிடம் இருந்தால் மத்தளம்போல் ஒலிக்கும். அந்த வெற்றிடத்தில் நீர் தேங்கக் கூடும்.

இனி, தலையை நிமிர்த்துங்கள். உங்கள் குளியலறையின் கூரை, மேல்வீட்டுக் குளியலறையின் தரை அல்லவா? அங்கே மஞ்சள் வளையங்கள், வெண்ணிறத் தொங்கல்கள், பூஞ்சைப் புள்ளிகள் இருந்தால் மேலிருந்து நீர் இறங்குகிறது. பொய்க்கூரை போட்டு மறைத்திருந்தால் ஒரு பலகையை அகற்றிக் காட்டச் சொல்லுங்கள். அதேபோல் கீழ்வீட்டாரிடம் அனுமதி கேட்டு அவர்கள் குளியலறைக் கூரையையும் ஒரு தடவை பாருங்கள். நாளைக்கு நீங்கள் யாரோடு சண்டையிடப் போகிறீர்கள் என்பது இன்றே தெரிந்துவிடும்.

எல்லாக் குழாய்களையும் ஒரே நேரத்தில் திறந்து வையுங்கள். ஒழுக்கு மெலிகிறதா? குழாய் முனையிலும் பூந்தூவியிலும் வெள்ளைப் படிவு இருந்தால் நீர் கடினமானது. ஒரு பாட்டிலில் நீரெடுத்துச் சோதனைக்குக் கொடுங்கள். குடிநீரில் கரைந்த திடப்பொருள் லிட்டருக்கு 500 மில்லிகிராமுக்குள் இருப்பது நல்லது. வேறு நீரே கிடைக்காத இடத்தில் 2,000 வரை பொறுக்கலாம் என்பது இந்தியத் தரவிதி.

பூட்டிக் கிடந்த வீட்டில் சாக்கடை நாற்றம் வீசினால் உடனே அஞ்ச வேண்டாம். வடிதுளையின் அடியில் வளைந்த குழாயில் நிற்கும் நீரே, கழிவுக்குழாயின் வாயு மேலே வராமல் தடுக்கும் பூட்டு. நாள்பட அது வற்றிவிடும். ஒரு குவளை நீர் ஊற்றிச் சற்று நேரம் பொறுங்கள். அப்போதும் நாற்றம் போகாவிட்டால் அந்தப் பூட்டே சரியில்லை என்று கொள்க.

ஈரமும் மின்சாரமும் சேரும் இடம் குளியலறை. எனவே மின்பலகையில் கசிவுமின் துண்டிப்பான் இருக்கிறதா என்று பாருங்கள். 30 மில்லி ஆம்பியர் அளவு மின்னோட்டம் தவறான வழியில் கசிந்தாலே அது இணைப்பைத் துண்டித்து உயிரைக் காக்கும். அதிலுள்ள சோதனைப் பொத்தானை அழுத்தினால் மின்சாரம் நின்றுவிட வேண்டும்.

மொட்டை மாடிக்கு ஏறுங்கள்

"நான் வாங்குவது முதல் மாடி, மொட்டை மாடியில் எனக்கென்ன வேலை?" என்று எண்ணாதீர்கள். அடுக்ககத்தில் உங்கள் வீட்டுச் சுவர் உங்களுடையது. ஆனால் தூணும் பீமும் கூரையும் எல்லாருடையவை. அவற்றில் ஒன்று கெட்டால் எல்லாருக்கும் கேடு.

இதற்கு ஒரு துயரமான சான்று உண்டு. அமெரிக்காவின் புளோரிடா மாநிலத்தில், சர்ப்சைடு என்ற கடற்கரை ஊரில் 1981இல் கட்டப்பட்ட 12 மாடி அடுக்ககம் ஒன்று இருந்தது. அதன் நீச்சல் குளத்தை ஒட்டிய தளம், நீர் வடியும்படி வாட்டம் இல்லாமல் மட்டமாகப் போடப்பட்டிருந்தது. அதன் நீர்த்தடுப்புப் படலமும் கெட்டுப்போயிருந்தது. 2018இல் பார்வையிட்ட பொறியாளர் இதையும், கீழே காங்கிரீட் சிதைந்திருப்பதையும் எழுதிக் கொடுத்தார். செலவை எப்படிப் பங்கிடுவது என்ற பேச்சு வீட்டுக்காரர்களிடையே நீண்டது. 2021 ஜூன் 24 அன்று பின்னிரவில், எல்லாரும் உறங்கும் வேளையில், அந்தக் கட்டடத்தின் பெரும்பகுதி சரிந்தது. 98 பேர் மாண்டனர். வடிவமைப்பிலேயே வலுக்குறைவு இருந்ததாகப் பின்னர் நடந்த ஆய்வு கூறியது. நீர் தனியாகக் கொல்லவில்லை. ஆனால் பலவீனமான இடத்தை அது நாற்பது ஆண்டுகள் பொறுமையாக அரித்துக்கொண்டிருந்தது.

ஆகவே மாடிக்குச் செல்லுங்கள். மழைநீர் எங்கே தேங்கிய தடம் இருக்கிறது? வடிகுழாய் வாயில் இலை, குப்பை அடைத்திருக்கிறதா? தட்டோடுகளின் இணைப்பில் புல் முளைத்திருக்கிறதா? கைப்பிடிச் சுவரின் இடுக்கில் அரசோ ஆலோ வேர்விட்டிருக்கிறதா? மேல்நிலைத் தொட்டியின் அடிப்பாகம் கசிகிறதா? இவை யாவும் செலவு குறைந்த பழுதுகள். ஆனால் இவற்றைக்கூடக் கவனிக்காத குடியிருப்போர் சங்கம், பெரிய பழுதையும் கவனிக்காது. சங்கத்தின் கணக்குப் புத்தகத்தைப் பார்த்து, பராமரிப்பு நிதி எவ்வளவு இருக்கிறது என்று கேளுங்கள். அதுவும் கட்டடச் சோதனையில் ஒரு பகுதியே.

பொறியாளர் செய்யும் சோதனைகள்

உங்கள் குறிப்பேட்டில் ஐயங்கள் பல சேர்ந்துவிட்டால், முன்பணம் தருமுன் ஒரு கட்டமைப்புப் பொறியாளரை அழைத்துச் செல்லுங்கள். அவரிடம் எளிய கருவிகள் உண்டு. ஸ்மிட் சம்மட்டி என்னும் கருவியைக் காங்கிரீட்டின்மேல் அழுத்தினால், உள்ளிருக்கும் வில் ஒரு குண்டை எகிறச் செய்யும். அது எவ்வளவு எதிரடிக்கிறது என்பதிலிருந்து மேற்பரப்பின் கடினத்தை மதிப்பிடலாம். மூடாக்குமானி, உடைக்காமலே கம்பி எவ்வளவு ஆழத்தில் இருக்கிறது என்று காட்டும். மீயொலி அலைகளைச் செலுத்தி, அவை செல்லும் வேகத்தைக் கொண்டு உள்ளே பொந்து இருக்கிறதா என்றும் அறியலாம்.

மாணவர்களுக்கு வியப்பளிக்கும் சோதனை ஒன்று உண்டு. காங்கிரீட்டில் சிறு துண்டு உடைத்து, புதிதாக உடைந்த பரப்பில் பினாப்தலீன் கரைசலைத் தெளிப்பார்கள். காரத்தன்மை உள்ள இடம் இளஞ்சிவப்பாகும். கரியமிலவாயு புகுந்து கெடுத்த இடம் நிறம் மாறாது. நிறமற்ற பகுதி கம்பிவரை எட்டிவிட்டதா என்று அளவுகோலால் அளந்துவிடலாம். பள்ளி ஆய்வுக்கூடத்தில் அமிலமா, காரமா என்று பார்க்கப் பயன்படும் அதே கரைசல், ஒரு கட்டடத்தின் எஞ்சிய ஆயுளையும் சொல்கிறது!

அளவும் பாகமும்

கடைசியாக, அளவு நாடாவை எடுங்கள். விளம்பரத்தில் கூறும் சதுர அடியில் படிக்கட்டு, நடைபாதை, மின்தூக்கி ஆகியவற்றின் பங்கும் சேர்ந்திருக்கக்கூடும். 2016ஆம் ஆண்டின் ரியல் எஸ்டேட் ஒழுங்குமுறைச் சட்டம், கார்பெட் ஏரியா எனப்படும் உட்பரப்பை வரையறுத்துள்ளது. உட்சுவர்கள் அதில் சேரும். வெளிச்சுவரும் பால்கனியும் சேரா. அறைகளை நீங்களே அளந்து கூட்டிப் பாருங்கள். அதே சட்டப்படி, வீடு ஒப்படைத்த ஐந்து ஆண்டுகளுக்குள் கட்டமைப்புக் குறை தெரிய வந்து எடுத்துச் சொன்னால், கட்டுநர் அதை 30 நாட்களுக்குள் கட்டணமின்றிச் சரிசெய்து தர வேண்டும். ஆகவே வாங்கிய பின்னும் ஐந்து மழைக்காலம் கண்விழிப்பாக இருங்கள்.

பத்திரத்தில் மனையின் பிரிபடாத பாகம் எவ்வளவு என்று எழுதியிருக்கிறது என்பதையும் படியுங்கள். இரண்டு கிரவுண்டு, அதாவது 4,800 சதுர அடி மனையில் ஒரே அளவுள்ள எட்டு வீடுகள் இருந்தால், ஒவ்வொன்றுக்கும் 600 சதுர அடி வர வேண்டும். எத்தனை நன்றாகக் கட்டிய காங்கிரீட்டும் ஒருநாள் மூப்படையும். கட்டடம் போனபின் எஞ்சுவது அந்த மண்பாகம் ஒன்றே. வில்லங்கச் சான்று, தாய்ப்பத்திரம், பட்டா, அங்கீகரிக்கப்பட்ட வரைபடம் ஆகியவற்றை ஒரு வழக்கறிஞரிடம் காட்டுங்கள். அவை தாளில் உள்ள குற்றங்களைக் காட்டும். சுவரில் உள்ள குற்றங்களை நீங்கள்தான் காண வேண்டும்.

குறையே இல்லாத கட்டடம் என்று ஒன்று கிடையாது. பார்க்கும் வீட்டிலெல்லாம் குற்றம் கண்டு ஓட வேண்டும் என்பதற்காக இவற்றைக் கூறவில்லை. எந்தக் குறை பூச்சோடு நிற்பது, எது எலும்பு வரை சென்றது என்று பிரித்தறிந்தால், விலை பேசலாம். பழுது நீக்கச் சொல்லலாம். அல்லது வணக்கம் சொல்லிவிட்டு இறங்கி வரலாம். உங்கள் உறவினரோ ஆசிரியரோ அடுத்து வீடு பார்க்கப் போகும்போது உடன் செல்லுங்கள். அவர்கள் சுவரின் நிறத்தைப் பார்த்துக்கொண்டிருக்கட்டும். நீங்கள் ஒரு வாளித் தண்ணீர் கேட்டு வாங்கி, குளியலறைத் தரையில் கொட்டிப் பாருங்கள்.